ஏலமலையில் கைமாறிய தொழிலறிவு: ரோஜர்ஸின் பரவல் கோட்பாட்டுக்கு ஒரு மறுப்பு

வேளாண் புதுமைகளின் பரவலைப் பற்றி எழுதுவோர் இன்றும் எவரெட் ரோஜர்ஸின் 1962ஆம் ஆண்டு நூலிலிருந்தே தொடங்குகிறார்கள். அந்நூல் பெரிதும் சார்ந்திருப்பது அயோவா மாநிலத்தின் 259 உழவர்களிடம் ரயனும் கிராஸும் நடத்தி 1943இல் வெளியிட்ட ஒட்டு மக்காச்சோள ஆய்வை. அங்கே விதையைப் பற்றிய முதல் செய்தியைக் கொண்டுவந்தவர் விற்பனையாளர். நம்பவைத்தவர் பக்கத்துக் காட்டுக்காரர். ரோஜர்ஸ் அயலாரை மறக்கவில்லை. ஆனால் அவருக்குக் கொடுத்த வேலை சாட்சி சொல்வது மட்டுமே. கற்றுக்கொடுப்பவராக அவர் எங்கும் வருவதில்லை. மையமில்லாத பரவல் முறைகளையும் ரோஜர்ஸ் 1983 பதிப்பில் ஏற்றுக்கொண்டார். அப்போதும் இந்தக் குறை தீரவில்லை.

போடிநாயக்கனூருக்கு மேலுள்ள ஏலமலைக்கு அயோவாவின் அளவுகோல் பொருந்தாது. ஒட்டு மக்காச்சோள விதையை ஆண்டுதோறும் கடையில் வாங்கலாம். ஏலச்செடியின் கதை வேறு. தேனீக்களால் அயல் மகரந்தச் சேர்க்கை நடப்பதால், விதையிலிருந்து வரும் செடி தாயைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தாயின் குணம் மாறாமல் வேண்டுமானால் தூரைப் பிரித்து நடுவதே எளிய வழி.

கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகத்தை இங்கே நின்று பார்க்க வேண்டும். ஏலத்தின் வழுக்கை வகையைச் சேர்ந்த இந்த ரகம் உருவானபோது பாம்பாடும்பாறை ஆராய்ச்சி நிலையமும் (1956) மயிலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனமும் (1978) இயங்கிக்கொண்டிருந்தன. ஆனாலும் ரகம் பிறந்தது தோட்டத்தில். அதற்கு ஓர் ஆண்டைக் குறிக்க நான் தயங்குகிறேன். தூரைத் தேர்ந்து, பிரித்து, காய்ப்பைப் பார்த்து, மறுபடி பிரித்த நெடுங்கால வேலையில் எந்த நாளைப் பிறந்தநாளாகக் கொள்வது? ஒன்று சொல்லலாம். பெரும்பாலான கன்றுகள் இன்னொரு தோட்டக்காரர் கையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். குழியின் அகலம், நிழலின் அளவு, தண்ணீர், உரம் எல்லாம் கன்றோடு சேர்ந்தே கைமாறியிருக்க வேண்டும் என்பது என் வாதம். கன்று கொடுத்தவரே ஆசானும் ஆனார்.

காய் எடுப்பில் ஆவணச் சான்று இன்னும் மெலிவு. என் வாதமோ இன்னும் அழுத்தமானது. ஒரே சரத்தில் காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக முற்றுவதால், சில வார இடைவெளியில் பலமுறை எடுக்க வேண்டியிருக்கிறது. இளங்காயைப் பறித்தால் ஸ்டோர் எனும் உலர்த்து கூடத்தில் உலரும்போது சுருங்கிவிடும். பழுக்க விட்டால் வெடித்துவிடும். போடியில் காயை ஏலம் விடும்போது நிறமும் பருமனும்தான் விலை பேசும். எட்டு மில்லிமீட்டர் காய்க்கு உள்ள மதிப்பு சிறுகாய்க்குக் கிடையாது. அந்த விலைக்கு அடிப்படையான, காயின் முற்றலைக் கண்ணால் கணிக்கும் திறனைத் துண்டறிக்கை தராது. போடி, தேவாரம், கோம்பை ஊர்களிலிருந்து ஜீப்பில் மலையேறும் பெண்களில் மூத்தவர்தான் புதியவளுக்கு அதைத் தர முடியும்.

தோட்டத் தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியையும் இதே கோணத்தில் மறுபடி படிக்க வேண்டும். தோட்ட வரலாறுகள் அவரை ஆள்சேர்ப்பவராகவும் கடனில் பிணைப்பவராகவுமே காட்டுகின்றன. அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் பிடித்துவைக்கும் அதிகாரமும் பழக்கிவிடும் பொறுப்பும் ஒரே ஆளிடம் இருந்ததால், பழகியவள் அடுத்த நிலைக்கு உயர்வது அவர் தயவில் நின்றது. எத்தனை பெண்கள் அப்படி உயர்ந்தார்கள் என்பதே இனி விசாரிக்க வேண்டிய கேள்வி. அதை எடுத்துக்கொள்ளும் இளம் ஆய்வாளர்கள் நிலையங்களின் கோப்புகளைப் புரட்டுமுன் தேவாரத்திலும் கோம்பையிலும் மூத்த காயெடுப்புப் பெண்களின் பேச்சைப் பதிவுசெய்யட்டும்.