இணையத்தில் ஹவாய் மொழி

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவுகளின் பூர்வகுடிகள் பேசுவது ஹவாய் மொழி. மாவோரி, தஹிதி, சமோவா மொழிகளோடு இரத்த உறவுள்ள பொலினீசிய மொழி அது. 1980களின் தொடக்கத்தில் அதைப் பேசத் தெரிந்த சிறுவர் சிறுமியர் மொத்தம் 50 பேர்கூட இல்லை என்று மதிப்பிட்டார்கள். அதன்பின் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1994இல், முழுக்க அந்த மொழியிலேயே இயங்கும் கணினி வலையமைப்பு ஒன்று ஹிலோ நகரில் தொடங்கியது. பூர்வகுடி மொழி ஒன்றில் முழுமையாக அமைந்த முதல் வலையமைப்பாகப் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள்.

மொழி ஒடுங்கிய கதை சுருக்கமானது. 1893இல் ஹவாய் அரசு கவிழ்க்கப்பட்டது. 1896இல் வந்த சட்டம் பள்ளிகளில் ஆங்கிலத்தைப் பயிற்று மொழியாக்கியது. வகுப்பில் தாய்மொழி பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள், வீட்டில் பெற்றோரும் பேசுவதை விட்டார்கள். நீஹாவ் என்ற சிறு தீவில் மட்டும் அது அன்றாடப் பேச்சாக நின்றது. 1978இல், அமெரிக்க மாநிலமாகிவிட்ட ஹவாயின் ஆட்சிமொழிகளில் ஒன்றாக அறிவிக்கப்பட்டபோது, பேசுவோரில் பெரும்பாலானோர் தாத்தா பாட்டிகள்.

மீட்சி மழலையர் பள்ளியில் தொடங்கியது. நியூசிலாந்தின் மாவோரி மழலையர் பள்ளிகளைப் பார்த்து 1983இல் 'புனான லேயோ' என்ற அமைப்பு உருவானது. பெயருக்குக் 'குரல்களின் கூடு' என்று பொருள். மறு ஆண்டே கவாயி தீவின் கெகாஹாவில் முதல் பள்ளி திறந்தது. அரசுப் பள்ளிகளில் ஹவாய்வழிக் கல்வி 1987இல் வந்தது. ஆசிரியர்கள் ஓரளவு கிடைத்தார்கள், புத்தகம்தான் இல்லை. மொழிபெயர்ப்பைத் தாளில் அச்சிட்டு, வரிவரியாக நறுக்கி, ஆங்கிலக் கதைப் புத்தகங்களின் வரிகள்மேல் பசை தடவி ஒட்டினார்கள் பெற்றோர்கள். ஹவாய் மொழியில் கணினி புகுந்ததற்கு அந்தப் பசைக் கிண்ணமே காரணம் என்றால் மிகையில்லை. புத்தகம் வேண்டும், வெவ்வேறு தீவுகளில் சிதறிக் கிடந்த வகுப்புகள் ஒன்றோடொன்று பேச வேண்டும். விமானமேறித்தான் அடுத்த பள்ளிக்குப் போக முடியும் என்ற நிலப்பரப்பு அது.

ஹிலோவில் உள்ள ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மொழி மையமான 'ஹாலே குவமொஒ'வில் கியோலா டோனஹி முதலியோர் அமைத்த வலையமைப்புக்கு 'லியோகீ' என்று பெயர். 'வலிய குரல்' என்று பொருள். கடிதம், அரட்டை, சொற்பட்டியல், செய்தித்தாள், வாங்க விற்க ஒரு சந்தை எல்லாம் அதில் இருந்தன. இந்த வசதிகள் அன்று வேறு இடங்களிலும் உண்டு. லியோகீயைத் தனித்துக் காட்டியது வேறு: திரையில் இருந்த பட்டிகள், பொத்தான்கள், எச்சரிக்கைகள் அனைத்தும் ஹவாய் மொழியில் இருந்தன. உள்ளடக்கம் தாய்மொழியில், பொத்தான் ஆங்கிலத்தில் என்றால், கருவி எந்த மொழிக்குச் சொந்தம் என்பதைப் பிள்ளை தானே புரிந்துகொள்ளும் என்று அமைத்தவர்கள் கருதினார்கள். சரியான கணிப்பு.

அதற்குச் சொற்கள் வேண்டியிருந்தன. 1987 முதல் இயங்கிய சொல்லாக்கக் குழு கணினிக்கு 'லோலோஉவிலா', அதாவது மின்மூளை, என்று பெயரிட்டது. மின்னஞ்சல் 'லேகாஉவிலா'. மின்னலும் மின்சாரமும் 'உவிலா' என்ற ஒரே சொல்தான். 'மின்'னை வைத்து நாம் மின்னஞ்சல் செய்த அதே வழி. இணையத்துக்குச் சிலந்திவலையின் பெயர் கிடைத்தது. நீஹாவ்காரர்களுக்கும் மற்ற முதியோருக்கும் இந்தப் புதுச்சொற்கள் அந்நியமாகவே ஒலித்தன, பல்கலைக்கழகத்து ஹவாய் என்ற கேலியும் உண்டு. அந்த மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை.

சொல்லைவிடப் பெரிய தொல்லை எழுத்து. ஹவாய் எழுத்துகள் மொத்தம் பதின்மூன்று. பதின்மூன்றாவது 'ஓகினா', தொண்டையில் மூச்சை ஒரு கணம் வெட்டும் ஒலி. எழுதும்போது தலைகீழ்க் காற்புள்ளி போன்ற ஒரு கீற்று. நெடிலுக்கு உயிரெழுத்தின் தலையில் ஒரு கோடு, அதற்குக் 'கஹாகோ' என்று பெயர். இவற்றை விட்டுவிட்டால் பொருள் கெடும். 'பவு' என்றால் முடிந்தது. நடுவில் மூச்சை வெட்டினால் புகைக்கரி. கடைசி உயிரையும் நீட்டினால் ஈரம். இரண்டு உயிரையும் நீட்டினால் பாவாடை. அன்றைய கணினியில் இரண்டு குறியும் இல்லை. ஆகவே சிறப்பு எழுத்துருக்களில் ஜெர்மன் போன்ற மொழிகளின் இரட்டைப்புள்ளி எழுத்துகளை அகற்றி, அந்த இடங்களில் இவற்றைக் குடிவைத்தார்கள். எழுத்துரு இருந்த கணினியில் எல்லாம் அழகாகத் தெரியும். இல்லாத கணினியில் ஹவாய் என்ற பெயரின் நடுவிலேயே இரட்டைப்புள்ளி வைத்த 'ஒய்' வந்து நிற்கும். ஆளுக்கொரு எழுத்துரு வைத்துக்கொண்டு 1990களில் தமிழில் கடிதம் எழுதியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. யுனிகோடு பரவி, 2002இல் ஆப்பிளின் மேக் இயங்குதளத்தில் ஹவாய் விசைப்பலகை சேர்ந்த பிறகுதான் இந்த ஒண்டுக்குடித்தனம் முடிவுக்கு வந்தது.

2000களின் தொடக்கத்தில் 'உலுகாவு' என்ற மின்நூலகம் உருவானது. தேடாமலே அருளாக வந்து சேரும் ஞானம் என்பது அந்தப் பெயரின் கருத்து. அகராதிகள், பழைய நூல்கள் ஆகியவற்றோடு அதன் பெருஞ்செல்வம் செய்தித்தாள்கள். 1834 முதல் 1948 வரை ஏறத்தாழ 100 ஹவாய்மொழி ஏடுகள் வெளிவந்தன, மொத்தம் சுமார் 1,25,000 பக்கங்கள். 1861இல் பூர்வகுடிகளே நடத்திய ஏடும் வந்தது. பின்னாளில் மன்னரான கலாகவுவா அதன் ஆசிரியர்களில் ஒருவர். முதியோர் ஒவ்வொருவராக மறைவதைக் கண்ட வாசகர்கள் வம்சாவளி, பாடல், புராணக்கதை, மீன்பிடி நுட்பம், மருந்துச் செடி என்று தெரிந்ததையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். வரலாற்றாசிரியர் சாமுவேல் கமகாவு எழுதியவையும் வாரவாரம் ஏடுகளில் வந்தவையே. ஆங்கிலத்துக்குப் பெயர்க்கப்பட்டது இதில் சிறு பங்கு. அந்தச் சிறு பங்கையே முழு ஹவாய் என்று நம்பிவிட்டார்கள் என்று மொழியறிஞர் புவாகியா நோகல்மையர் நெடுநாள் வாதாடினார்.

நுண்படச்சுருளில் கிடந்த பக்கங்களைத் தேடக்கூடியவை ஆக்குவது எளிதாயில்லை. மை கசிந்த, எழுத்து உடைந்த பழைய அச்சில் எழுத்துணரி மென்பொருள் தடுமாறியது. நோகல்மையரின் முயற்சியில் 2011 நவம்பர் 28 அன்று, ஹவாயின் பழைய சுதந்திர நாளில், தன்னார்வலர்களை அழைத்தார்கள். இலக்கு 60,000 பக்கம். காலக்கெடு 2012 ஜூலை 31, அதுவும் அரசுரிமை மீண்ட பழைய விழா நாள். ஹவாய் மொழி தெரிய வேண்டாம், கண்ணில் பட்டதைப் பட்டபடி தட்டினால் போதும். ஆயிரக்கணக்கானோர் வீட்டில் உட்கார்ந்து தட்டினார்கள்.

பழங்குடி அறிவைப் பொதுவில் வைக்கலாமா என்ற கேள்வி இங்கே சற்று இலகுவாகத் தீர்ந்தது. ஆஸ்திரேலியாவின் வருமுங்கு மக்கள் தங்கள் மின்காப்பகத்தை யார் எதைப் பார்க்கலாம் என்ற குல வழக்கப்படி பூட்டிவைத்தார்கள். ஹவாய்ச் செய்தித்தாளிலோ எழுதியவர்களே ஊரறிய அச்சில் விட்டவர்கள். குடும்பங்களுக்குள் வாய்வழி வந்த மந்திரங்களின் நிலை வேறு. அவற்றில் பல இன்னும் இணையத்துக்கு வரவில்லை, வரவும் வேண்டாம்.

2018 அக்டோபரில் டுவோலிங்கோ செயலி ஹவாய் பாடத்தைத் தொடங்கியது. மாநிலத்தில் வீட்டில் ஹவாய் பேசுவோர் 18,000க்கு மேல் என்று 2016இல் வெளியான அரசு அறிக்கை சொன்னது. செயலி வந்தாலும் பேச்சை வளர்ப்பது இன்னும் பள்ளிதான்.

பழைய ஏடுகளுக்கு ஒரு குறை உண்டு. அவை பெரும்பாலும் ஓகினாவும் கஹாகோவும் இல்லாமலே அச்சானவை. அன்றைய வாசகருக்கு மொழி காதில் இருந்தது, குறி தேவைப்படவில்லை. இன்று தேடுபெட்டியில் 'பவு' என்று தட்டினால் முடிந்ததும் கரியும் ஈரமும் பாவாடையும் சேர்ந்தே வருகின்றன. அந்தக் காதை இப்போது தருவது 'கனியாஇனா' என்ற ஒலிக்காப்பகம். லாரி கிமுரா 1972இல் தொடங்கிய 'ஹவாயின் குரல்' வானொலி நிகழ்ச்சியின் நாடாக்கள் அதில் ஏறியிருக்கின்றன, ஐந்நூறு மணி நேரத்துக்கு மேல். தாய்மொழியாகவே பேசி வளர்ந்த முதியோர் அதில் ஊர்க்கதை பேசுகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்களும் இடையில் தொலைபேசியில் வந்து சேர்ந்துகொள்கிறார்கள். ஒரு சொல்லில் மூச்சை எங்கே வெட்டுகிறார்கள் என்பது அங்கே காதில் விழுகிறது.