மோட்டார் படகுகளில் இடையடுக்குக் கட்டுமானம்

இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தோல்களுக்கு நடுவே பால்சா மரத்தையோ நுரையையோ ஒட்டிப் படகின் உடலை அமைக்கும் முறை. தகட்டின் தடிமனை இரட்டித்தால் அதன் விறைப்பு எட்டு மடங்காகும். அந்தக் கூடுதல் தடிமனை எடை மிகக் குறைந்த பொருளைக்கொண்டு பெறுவதே இதன் சூட்சுமம். இரண்டாம் உலகப்போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் உடல் ஒட்டுப்பலகைக்கு நடுவே பால்சா வைத்துச் செய்யப்பட்டதுதான்.

கண்ணாடி இழைப் படகு ஒன்றை 1942-இல் அமெரிக்காவின் ஒகையோவில் ரே கிரீன் செய்தார். அந்த இழையின் வலிமையைக் கணிக்கப் போதிய அனுபவம் இல்லாததால், தொடக்ககாலப் படகுகள் பலவும் தேவைக்கு மேல் கனமாகவே கட்டப்பட்டன.

திருப்பம் 1958-இல் வந்தது. மாசசூசெட்ஸைச் சேர்ந்த டிக் ஃபிஷர், ரே ஹன்ட்டின் வடிவமைப்பில் 'பாஸ்டன் வேலர்' படகை விற்பனைக்குக் கொண்டுவந்தார். உள்தோலுக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஊற்றிய பாலியூரித்தேன், நுரைத்துப் பொங்கி இரண்டையும் ஒரே உடலாகப் பிணைத்தது. 1961-இல் லைஃப் இதழுக்காக, ஃபிஷர் அமர்ந்திருக்கும்போதே 13 அடிப் படகு ஒன்றை நீரிலேயே இரண்டாக அறுத்தார்கள். மோட்டார் இருந்த பின்பாதியை அவர் ஓட்டிச் சென்றார். இலேசான படகு பலவீனமானது என்ற எண்ணத்தை இவ்வளவு நேரடியாக உடைத்த காட்சி வேறில்லை.

ஆனால் மூழ்காமல் இருப்பது வேறு, நீடித்து உழைப்பது வேறு. கைப்பிடிக்கோ கயிறு கட்டும் கொக்கிக்கோ போட்ட திருகுத் துளை சரியாக அடைக்கப்படாவிட்டால், அதன் வழியே நீர் கசிந்து நடு அடுக்கை அடையும். பால்சா அழுகும், நுரை நீரேறிக் கனக்கும், ஓயாத அலையடியில் தோல் பிரியும். இம்முறைமீது சுமத்தப்பட்ட பழியில் பெரும்பகுதி உண்மையில் இந்தத் துளைகளுக்கே உரியது. துளையைச் சுற்றி நடு அடுக்கைச் சுரண்டி எடுத்து, எபாக்சி நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளையிடுவதே முறையான வேலை. தோலுக்கே உரிய நோய் கொப்புளம்: பாலியெஸ்டர் பிசினுக்குள் ஊடுருவும் நீர் அங்குள்ள வேதிப்பொருள்களுடன் சேர்ந்து மேற்பூச்சை உப்பவைக்கும். வினைல் எஸ்டர் பிசின் இதைப் பெருமளவு தடுத்தது.

கெவ்லரும் கார்பன் இழையும் பந்தயப் படகுகளில் எடையை மேலும் குறைத்தன. 1990-களில் பரவிய வெற்றிட முறையில், உலர்ந்த இழைத் துணிகளை அச்சில் விரித்து, காற்றை உறிஞ்சிப் பிசினை உள்ளே இழுக்கிறார்கள். கையால் பூசும்போது எடையில் பாதிக்கு மேல் பிசினாக இருக்கும். இம்முறையில் இழையே அறுபது, எழுபது விழுக்காடு.

பழைய படகை வாங்குமுன் தேர்ந்த ஆய்வாளர்கள் சிறு சுத்தியலால் உடல் முழுதும் தட்டிப் பார்க்கிறார்கள். தோல் ஒட்டியிருந்தால் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடத்தில் ஒலி மந்தமாகும்.