எடை பார்த்தவர் எழுதிய நாவல்

தொழிற்சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதியே தலை நரைத்தவன் நான். நாவலைத் திறந்தாலும் இவனுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு பிடித்தம் என்றுதான் புத்தி போகும். பல கதாநாயகர்கள் எதைக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்பதே கடைசிவரை தெரியாது. வேல்ஸ் நாவலாசிரியர் லூயிஸ் ஜோன்ஸிடம் அந்தக் குறை இல்லை.

1897-இல் தென் வேல்ஸில், ரோண்டா பகுதியின் கிளிடாக் வேல் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். பாட்டி வளர்த்த பிள்ளை. 1905 மார்ச்சில் ஊரின் கேம்ப்ரியன் சுரங்கம் வெடித்து 33 பேர் மாண்டபோது அவருக்கு ஏழு வயது. பன்னிரண்டாம் வயதில் அவரும் அதே சுரங்கத்தில் இறங்கினார்.

இறங்கிய சூட்டோடு 1910 போராட்டம் வந்தது. புதிய கரி அடுக்கு ஒன்றில் டன்னுக்கு என்ன கூலி என்பதுதான் வழக்கு. கல் மிகுந்த இடத்தில் நாள் முழுக்க வெட்டினாலும் எடை ஏறாது. எடை ஏறாவிட்டால் கூலியும் இல்லை. வேண்டுமென்றே மெதுவாக வெட்டுகிறார்கள் என்று சொல்லி நிர்வாகம் 950 பேருக்குக் கதவடைத்தது. கேம்ப்ரியன் குழுமத்தின் சுமார் 12,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பக்கத்து ஊரான டோனிபான்டியின் தெருக்களில் போலீஸோடு மோதல் நடந்தது; சர்ச்சில் உள்துறை அமைச்சராக இருந்த காலம், ராணுவமும் வந்தது. 1911-இல் தொழிலாளர்கள் தோற்றுத்தான் வேலைக்குத் திரும்பினார்கள்.

1923-இல் லண்டன் தொழிலாளர் கல்லூரிக்குப் போன ஜோன்ஸ், கம்யூனிஸ்டாக ஊர் திரும்பினார். கேம்ப்ரியன் தொழிலாளர்கள் அவரை எடைச் சரிபார்ப்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மேலே வரும் ஒவ்வொரு வண்டிக் கரியையும் கம்பெனி ஆள் எடை போடும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது அந்த வேலை. சம்பளம் தொழிலாளர்கள் கொடுப்பது. அதனால் முதலாளிக்குப் பயப்பட வேண்டியதில்லை. 1926 பொது வேலைநிறுத்தப் பேச்சுகளுக்காக மூன்று மாதம் சிறையில் இருந்தார். சங்கத்தில் சேராதவர்களோடு வேலை செய்ய மாட்டேன் என்று 1929-இல் அந்த வேலையையும் விட்டார். பிறகு அவருக்கு நிலையான வேலை இல்லை. வேலையற்றோரைத் திரட்டி 1932, 1934, 1936 ஆண்டுகளில் லண்டனுக்குப் பட்டினிப் பேரணிகள் நடத்தினார். 1936-இல் கிளமார்கன் கவுன்சில் உறுப்பினரும் ஆனார்.

இந்த ஓட்டத்துக்கு நடுவில்தான் நாவல். சுரங்கத் தொழிலாளர் தலைவர் ஆர்தர் ஹார்னர், நம் ஜனங்களின் வரலாற்றைக் கதையாக எழுது என்று தூண்டினார். கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் இடையில் திருடிய நேரத்தில் எழுதியதாக ஜோன்ஸே முன்னுரையில் சொல்கிறார். 'கும்மார்டி' 1937-இல் வந்தது. வெடிவிபத்து, வேலைநிறுத்தம், ராணுவம் என்று அவர் கண்ட ஊர் முழுவதும் அதில் இருக்கிறது. எனக்குப் பிடித்த பாத்திரம் கதாநாயகன் லென் அல்ல, அவன் தகப்பன் பிக் ஜிம். கொள்கை எதுவும் பேசத் தெரியாத, வாய்ச்சவடால் நிறைந்த, மலை மாதிரி மனிதன். கட்சிக்காரர் எழுதிய நாவலில் கட்சிக்குள் அடங்காத ஆள்தான் அதிக உயிரோடு இருக்கிறான்.

இரண்டாவது நாவல் 'வி லிவ்' அச்சாவதைப் பார்க்க அவர் இல்லை. 1939 ஜனவரி 27 அன்று, ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் குடியரசுக்கு ஆதரவாக முப்பதுக்கும் மேற்பட்ட தெருக்கூட்டங்களில் பேசிவிட்டு வந்து இறந்தார். வயது 41. முந்தின நாள்தான் பார்சிலோனா பிராங்கோவிடம் வீழ்ந்திருந்தது. நாவலின் கடைசிப் பக்கங்களைத் தோழி மேவிஸ் லூவெலின் முடித்தார் என்பார்கள். அந்தப் பகுதியில் பாத்திரங்கள் மேடைப் பேச்சாளர்களாகிவிடுவது உண்மை; நான் அதற்கு வக்காலத்து வாங்கப்போவதில்லை.

அதே 1939-இல், அதே வேல்ஸ் சுரங்க வாழ்வைப் பற்றி ரிச்சர்ட் லூவெலின் எழுதிய 'ஹௌ கிரீன் வாஸ் மை வேலி' வெளியாகி உலகமெங்கும் விற்றது. ஹாலிவுட் படமாகி ஆஸ்கரும் வாங்கியது. அவர் லண்டன் பக்கம் பிறந்தவர். அவர் நாவல் கண்ணில் நீர் வரவழைக்கும். ஆனால் அந்தக் கண்ணீரைத் துடைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். ஜோன்ஸைப் படித்தால் அப்படி முடியாது: கரியை வெட்டியவனுக்கு யார் எவ்வளவு பாக்கி வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்போம். 2006 முதல் இரண்டு நாவல்களும் ஒரே தொகுதியாகக் கிடைக்கின்றன. முதல் நாவலில் தொடங்குங்கள்.