சூடிக் கொடுத்த சொல்

இராசபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட தொலைவு பன்னிரண்டு கிலோமீட்டர் அளவே. ஆயினும் ஒரு பெயர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து புறப்பட்டு இராசபாளையத்தை வந்தடையப் பல நூற்றாண்டுகள் ஆயின. அது நேர்வழியில் வரவில்லை. தெலுங்கு நாடு சென்று, வடமொழியைப் போர்த்திக்கொண்டு, பின்னரே தமிழகம் மீண்டது. ‘சூடிக் கொடுத்த நாச்சியார்’ என்பதே அப்பெயர். அதன் பயண வரலாறு ஒரு வினைச்சொல்லின் வரலாறுமாகும்.

‘சூடிக் கொடுத்த’ என்னும் தொடரில் வினைகள் இரண்டு. சூடுதல் முன்னது, கொடுத்தல் பின்னது. கதை முழுவதும் இவ்வரிசையில் அடங்கியிருக்கிறது. கொடுத்தபின் சூடியிருந்தால் அது திருக்கோயில் பிரசாதம். எவரும் குறை கூறார். சூடியபின் கொடுத்தமையாலன்றோ விட்டுசித்தர் திடுக்கிட்டார்! அம்மாலையை விலக்கிப் புதுமாலை தொடுத்தார். இறைவனோ கனவில் தோன்றி, அவள் சூடியதையே வேண்டினான். பெரியாழ்வார் தம் திருப்பல்லாண்டில், இறைவன் சூடிக் களைந்த துழாயைத் தாம் சூடும் அடிமைத்திறத்தைப் பேசுகிறார். தந்தை கொண்டது களைந்த மாலையை. மகள் கொடுத்தது சூடிய மாலையை. ஒரே வீட்டில் ‘சூடி’ என்னும் எச்சம் இருவேறு வினைகளைக் கொண்டு முடிந்தது.

‘செய்து’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம் தன் வினைமுதலையே கொண்டு முடியும் என்பது தமிழிலக்கண மரபு. ஆகவே சூடியவளே கொடுத்தவள் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. இலக்கணமே அதற்குச் சான்று நிற்கும். இச்சிறு நுட்பம் பிறமொழி புகும்போது என்ன ஆகிறது என்பதே இங்கு நோக்கத்தக்கது.

முதலில் அப்பெயர் தெலுங்கு நாட்டுக்கு அப்படியே சென்றது. திருமலையில் பாடிய தாள்ளபாக்கம் அன்னமாசாரியார் (1408 - 1503) தம் திருமணப் பாடல் ஒன்றில் ஆண்டாளைச் ‘சூடிக்குடுத நாஞ்சாரி’ என்று அழைக்கிறார். நாச்சியார் என்பதே நாஞ்சாரி ஆயிற்று. தெலுங்கில் கொடுத்தலுக்கு உரிய வினை ‘இச்சு’ என்பது. ஆதலின் தமிழறியாத தெலுங்கரின் செவிக்குக் ‘குடுத’ என்பது பொருள் விளங்காத ஓர் இனிய ஓசையாகவே நின்றிருக்கும். வினை உறங்கிவிட, பெயர் மட்டும் வாழ்ந்தது.

அடுத்து வந்தவர் ஓர் அரசர். 1509 முதல் 1529 வரை விசயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர் கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணையாற்றங்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கி ஏகாதசி நோன்பிருந்தார். அங்குள்ள ஆந்திர விட்டுணு அவர் கனவில் தோன்றி, தன் திருமணத்தைத் தெலுங்கில் பாடுமாறு பணித்தான் என்று நூலின் முகப்பே கூறுகிறது. முன்னொருகால் ஓர் ஆடவன் தந்த மாலையை ஏற்க நேர்ந்த குறையை இக்கதையால் தீர்க்க வேண்டும் என்று இறைவன் கேட்பதாக அமைந்த நயம் வேறெந்தக் காப்பியத்திலும் எளிதிற் காணக் கிடையாதது. அவ்வாறு பிறந்த ஆறு ஆசுவாசக் காப்பியமே ‘ஆமுக்த மால்யத’. வில்லிபுத்தூரின் வருணனையில் தொடங்கி, பாண்டியன் அவையில் விட்டுசித்தர் வாதிட்டது, ஆளவந்தார் வரலாறு, மாலதாசரி கதை எனப் படர்ந்து செல்லும் இந்நூலில், பெயருக்குரிய தலைவி பிற்பகுதியில்தான் தோன்றுகிறாள். ‘விட்டுசித்தீயம்’ என்னும் மறுபெயரும் இதற்குண்டு.

தமிழைப் போன்றே வினையெச்சம் உடையது தெலுங்கு. அரசர் விரும்பியிருந்தால் தம் மொழியிலேயே இருவினைத் தொடர் ஒன்றை அமைத்திருக்கலாம். காப்பியத்தின் பெருமைக்கு வடமொழித் தொகையே ஏற்றது எனக் கருதினார் போலும். ஆமுக்த, மால்ய, த எனும் மூன்று உறுப்புகள்: சூடப்பட்ட மாலையைத் தருபவள்.

‘முச்’ என்பது விடுதலைப் பொருளுள்ள வேர். முக்தி, முக்தன் என்பன அவ்வழி வந்தவை. அதன்முன் ‘ஆ’ என்னும் உபசர்க்கம் சேர்ந்ததும், விடுதல் அணிதலாக மாறிவிடுகிறது. அமரகோசம் இச்சொல்லைக் கவசம் பூண்டதைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக வைக்கிறது. விட்டவன் முக்தன், பூண்டது ஆமுக்தம்! கம் என்றால் செல்லுதல், ஆகம் என்றால் வருதல். தா என்றால் கொடுத்தல், ஆதா என்றால் எடுத்துக்கொள்ளுதல் என்பனவும் இத்தகையனவே. நூற்பெயரின் தலையில் நிற்கும் ‘ஆ’ ஒரு வினையைத் தலைகீழாக்குகிறது. இறுதியில் நிற்கும் ‘த’ அத்தகைய முன்னொட்டின்றித் தன் இயல்பான கொடைப்பொருளில் நிற்கிறது.

வினையைத் திருப்பும் இச்சிறு சொற்கள் வடமொழிக்கு மட்டும் உரியன அல்ல. ஆங்கிலத்தில் இவை வினையின் பின் நிற்கும். ‘புட் ஆன்’ என்றால் அணிதல். ‘புட் ஆஃப்’ என்றால் ஒத்திவைத்தல். 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார்க்கு ஆங்கிலத்தில் மிகவும் இடர்தருவது இதுவே எனக் குறித்தார். ‘பிரேசல் வெர்ப்’ என்னும் பெயரை 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் தம் நூலில் வழங்கி, அது ஆக்ஸ்போர்டு அகராதியாசிரியர் ஹென்றி பிராட்லி தந்தது என்றார். வழக்கு முந்தியது, பெயர் மிகப் பிந்தியது.

அரபியில் முன்னிடைச்சொல் இவ்வேலையைச் செய்கிறது. ‘ரகிப ஃபீ’ என்றால் ஒன்றை விரும்பினான். ‘ரகிப அன்’ என்றால் அதனை வெறுத்து விலகினான். ‘தஆ’ என்பது அழைத்தல், வேண்டுதல். ஒருவனுக்கு ‘லி’ சேர்த்து வேண்டினால் வாழ்த்து; ‘அலா’ சேர்த்து வேண்டினால் சாபம். வாழ்த்துக்கும் சாபத்துக்கும் இடையே ஓர் இடைச்சொல்லே வேலி!

இனித் தமிழ். ஆங்கிலம் ‘கிவ்’ என்னும் வினைக்குப் பின் ‘இன்’ சேர்த்துப் பணிந்துபோதலைக் குறிக்கும். தமிழ் கொடுத்தலுக்கு முன் ஓர் எச்சத்தை வைத்து ‘விட்டுக் கொடுத்தான்’ என்னும். ‘கிவ் அவே’ என்பதற்குள்ள பொருள்களுள் ஒன்று மறைவை வெளிப்படுத்துதல். தமிழில் ‘காட்டிக் கொடுத்தான்’. இரு மொழியிலும் அடிவினை கொடுத்தலே. சேர்க்கை நிற்கும் இடமும் இனமும் வேறு. அரபியோ சில இடங்களில் எந்தச் சொல்லையும் சேர்க்காமல் வேரின் உருவத்தையே மாற்றிவிடும். ‘அலிம’ அறிந்தான், ‘அல்லம’ கற்றுக் கொடுத்தான், ‘தஅல்லம’ கற்றுக் கொண்டான். தமிழில் கொடு, கொள் எனும் இரு வினைகள் ஆற்றும் பணியை அரபியில் ஓர் இரட்டித்த மெய்யும் ஒரு தகரமும் ஆற்றுகின்றன. தெலுங்கில் ‘நேர்ச்சுகொனு’ என்னும்போது அந்தக் ‘கொனு’ நம் ‘கொள்’ளின் உடன்பிறப்பு. ஆதலின், அகராதியில் சொல்லுக்குச் சொல் தேடுவோன் இவ்விடத்தில் தவறிப் போவான். எந்த உறுப்பு பொருளைத் திருப்புகிறது என்று கேட்பவனே தப்புவான்.

இச்சிறு சொற்களுக்குத் தனிப்பொருள் உண்டா என்னும் வழக்கு மிகப் பழையது. உபசர்க்கங்கள் தனித்துப் பொருள் தாரா என்று சாகடாயனரும், அவற்றுக்குப் பொருள் உண்டு என்று கார்க்கியரும் வழக்காடியதை யாஸ்கரின் நிருக்தம் பதிவு செய்கிறது. அரபியில் ஓர் இடைச்சொல் மற்றொன்றன் இடத்தில் வரலாம் என்று கூபா நகரத்து இலக்கணிகள் கூறினர். இல்லை, வினையே மற்றொரு வினையின் பொருளைத் தன்னுள் பொதிந்துகொள்கிறது என்று பஸ்ரா நகரத்தார் மறுத்தனர். இடைச்சொல் தனித்து இயங்கும் இயல்பற்றது, பெயரொடும் வினையொடும் சார்ந்தே இயங்கும் என்பது தொல்காப்பியர் கொள்கை. மூன்று மரபின் இலக்கணிகள் ஒரே ஐயத்தில் நின்றிருக்கின்றனர்.

‘ஆமுக்த மால்யத’ என்னும் தொகையில் இழந்தது யாது? ஆமுக்தம் என்பது மாலைக்கு அடைமொழி. மாலை சூடப்பட்டது என்று சொல்கிறது; சூடியவர் யார் என்று சொல்லவில்லை. கதையறிந்தவன் மட்டுமே நிரப்பிக்கொள்ள வேண்டும். 2010-இல் சீனிவாச ரெட்டி வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பும் ‘கிவர் ஆஃப் தி வோர்ன் கார்லண்ட்’ என்றே அமைந்தது. அங்கும் மாலைதான் வினையைச் சுமக்கிறது. போதாக்குறைக்கு, ‘வோர்ன்’ என்னும் சொல்லுக்கு அணிந்தது என்பதோடு நைந்தது என்னும் பொருளும் உண்டு. தமிழ் எச்சத்தில் உயிருடன் நின்ற பெண், ஏனைய மொழிகளில் மாலையின் பின்னே மறைந்துவிடுகிறாள். வடமொழித் தொகைக்கும் ஓர் ஈட்டம் உண்டு என்பதை மறுத்தல் ஆகாது. ஆமுச் என்பதற்கு அணிதல் மட்டுமன்றிக் களைதல் என்னும் பொருளையும் அகராதிகள் தருகின்றன. சூடியதும், கழற்றியதும், விடுதலையும் ஒரே சொல்லின் நிழலில் தங்குகின்றன. தமிழ்ப் பெயரில் கழற்றுதல் சொல்லாமலே விடப்பட்டது.

இத்தொகையைத் தமிழுக்கு மீட்டவர் இராசபாளையத்து மு.கு. ஜகந்நாதராஜா (1933 - 2008). தெலுங்கு பேசும் ராஜுக்கள் வாழும் ஊரில், வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழும் கேட்டு வளர்வோர்க்கு ‘கொனு’வும் ‘கொள்’ளும் வேறாகத் தோன்றுவதில்லை. அவரோ அதனோடு அமையாது வடமொழியும் பிராகிருதமும் பாலியும் பயின்று, காதா சப்தசதியையும் தமிழாக்கியவர். அவருடைய ‘ஆமுக்த மால்யத’ தமிழாக்கத்துக்கு 1989-இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது.

அவர் முன் இரு வழிகள் இருந்தன. பக்கத்து ஊரில் பிறந்த பழம்பெயரையே தலைப்பாக்கி, தமிழ்ப்பெண்ணைத் தமிழ்ப்பெயருடன் வீடு சேர்க்கலாம். அல்லது அரசர் சூட்டிய வடமொழிப் பெயரை அவ்வாறே நிறுத்தலாம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். தமிழ்ப்பற்றுடையார்க்கு இது சற்றே நெருடலாம். ஆயினும் செய்தது சரியே. பழம்பெயரை இட்டிருந்தால், நூலைத் திறப்போர் நாச்சியார் திருமொழியின் கோதையைத் தேடி ஏமாந்திருப்பர். இந்நூலில் இருப்பவள் ஒரு தெலுங்கரசர் கண்ட கோதை. அவள் அணிந்து வந்த பெயரைக் களையாமல், அதனுடனேயே அவளை நமக்குக் கொடுத்திருக்கிறார் இராசபாளையத்தார்.

புத்தகத்தின் பயணம் இவ்வாறு முடிந்தாலும் மாலையின் பயணம் ஓயவில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகருக்காக ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குச் செல்கிறது. திருமலைப் பிரம்மோற்சவத்தின் கருடசேவைக்கும் ஆண்டுதோறும் மாலை புறப்படுகிறது, அன்னமாசாரியார் ‘சூடிக்குடுத நாஞ்சாரி’யைப் பாடிய அந்த மலைக்கு.