நீதிபதி எழுந்து நின்ற நாள்

1697 ஜனவரி 14. பொஸ்டன் நகரின் தென் தேவாலயத்தில் உபவாச நாள் ஆராதனை. மதகுரு சாமுவல் வில்லார்ட் பிரசங்க பீடத்தை நோக்கிச் செல்கையில், ஒருவர் அவரது கையில் ஒரு கடதாசியைக் கொடுத்தார். மதகுரு அதனைச் சபையார் முன் வாசித்து முடிக்கும்வரை அவர் எழுந்து நின்றார். முடிந்ததும் தலைவணங்கி அமர்ந்தார். நின்றவர் நீதிபதி சாமுவல் சூவல்.

1692இல் சேலம் கிராமத்துச் சூனிய வழக்குகளை விசாரித்த ஒன்பது நீதிபதிகளுள் அவரும் ஒருவர். 14 பெண்களும் 5 ஆண்களுமாக 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். வாக்குமூலம் கூற மறுத்த முதியவர் ஜைல்ஸ் கோரி கற்களின் பாரத்தால் நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டவரின் ஆவியுருவம் வந்து தம்மை வதைத்ததாகச் சிலர் கூறியதையும் அந்த மன்று சாட்சியமாக ஏற்றது. அந்தப் பழியும் வெட்கமும் தமக்குரியவை என ஒப்புக்கொண்டு, மக்களின் மன்னிப்பை வேண்டியது அக்கடதாசி. தமது பாவத்துக்காகத் தம் குடும்பத்தையோ நாட்டையோ தண்டிக்க வேண்டாமென இறைவனையும் அது இறைஞ்சியது.

நீதிமன்றச் செய்திகளைப் பல்லாண்டுகள் எழுதியவன் நான். மேன்முறையீட்டில் தீர்ப்புகள் மாறியதைக் கண்டதுண்டு; தீர்ப்பளித்தவர் எழுந்து நின்றதைக் கண்டதில்லை.

சூவலை எழுப்பி நிறுத்தியது எது? அவர் வாழ்ந்த பியூரிட்டன் சமூகத்தில் இறுதித் தீர்ப்பு என்பது ஞாயிறு தோறும் கேட்டு மறக்கும் சங்கதியன்று. மைக்கல் விகிள்ஸ்வேர்த் 1662இல் அத்தீர்ப்பு நாளைப் பற்றி எழுதிய நெடும்பாடலைச் சிறுவர்கள் மனனஞ் செய்தனர். மீட்சி பெறுவோர் யாரென இறைவன் முன்னரே தீர்மானித்துவிட்டான். தாம் அவர்களுள் ஒருவரா என்பதை எவரும் நிச்சயமாக அறியார் என்பது அவர்களது கோட்பாடு. ஆகவே ஒவ்வொரு நாளின் நடத்தையிலும் அதற்கான அறிகுறியைத் தேடினர். சூவல் 1674 முதல் 1729 வரை எழுதிய நாட்குறிப்பும் அத்தகைய கணக்குப் புத்தகமே. (1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமாரும் இந்தச் சபை மரபின் வழிவந்தோரே.)

அந்நாட்குறிப்பில் என்னை நிலைகுலைய வைத்தது 1696 ஜனவரிக் குறிப்பொன்று. பதினான்கு வயது மகள் பெற்றி மதிய உணவின் பின் திடீரெனக் கதறி அழுகிறாள். காரணம், தான் நரகத்துக்குப் போய்விடுவேனோ என்ற அச்சம். வீடே அவளுடன் சேர்ந்து அழுகிறது. இந்த நம்பிக்கையின் விலையை முதலிற் செலுத்தியோர் குழந்தைகளே என்பதை மறைப்பது நியாயமன்று.

அதே ஆண்டு மே மாதத்தில் சூவலின் ஆண்குழந்தையொன்று இறந்தே பிறந்தது. டிசம்பர் 23இல் இரண்டு வயது மகள் சாரா மாண்டாள். மறுநாள் மூத்த மகன் இலத்தீன் மொழியில் மத்தேயு சுவிசேஷத்தின் 12ஆம் அதிகாரத்தை வாசித்தான். குற்றமற்றவர்களைக் குற்றவாளிகளாகத் தீர்த்தல் பற்றிய 7ஆம் வசனம், சேலத்தைத் தமக்கு நினைவூட்டியதாகத் தந்தை எழுதிவைத்தார். டிசம்பர் 25இல் சாராவை அடக்கஞ் செய்தபோது, குடும்பக் கல்லறையினுள் இறங்கித் தம்மவரின் சவப்பெட்டிகளைப் பார்த்து நின்றார். பியூரிட்டன்கள் நத்தார் கொண்டாடுவதில்லை. மூன்று வாரங்களுள் அவர் தேவாலயத்தில் எழுந்து நின்றார்.

இது அச்சமா, மனச்சாட்சியா என்று கேட்கலாம். அவரிடம் இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் இயலவில்லை. ஆயினும் அந்த மனம் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. 1700இல், ஆபிரிக்கரை அடிமைகளாக விற்பதைக் கண்டித்து அவர் ஒரு சிறுநூலை வெளியிட்டார். எல்லோரும் ஆதாமின் மக்கள் என்பதே அவரது வாதம். நியூ இங்கிலாந்தில் அச்சேறிய முதல் அடிமை எதிர்ப்பு நூல் அதுவாகும்.

அந்த மன்றின் தலைமை நீதிபதி வில்லியம் ஸ்ரோட்டன் ஒருகாலத்தில் பிரசங்கியாராக இருந்தவர்; அதே தீர்ப்பு நாளை நம்பியவர். 1693இல் ஆளுநர் பிப்ஸ் மரணதண்டனைகளை நிறுத்திவைத்தபோது சினந்து ஆசனத்தை விட்டெழுந்து சென்றார். சூவல் எழுந்து நின்ற அந்த உபவாச நாள், ஸ்ரோட்டன் பதில் ஆளுநராக இருந்தபோது பிரகடனஞ் செய்யப்பட்டதே. 1701இல் இறக்கும்வரை அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை.