சிஸ்லாக்

சிஸ்லாக் என்பது நிரல்களும் பிணையக் கருவிகளும் தம் நிகழ்வுப் பதிவுகளை, மூலமும் கடுமையும் குறித்து, ஓரிடத்துக்கு அனுப்பும் முறை. 1980களில் எரிக் ஆல்மன் இதைச் சென்ட்மெயில் அஞ்சல் நிரலுக்காக உருவாக்கினார். பின்னர் யூனிக்ஸ் உலகின் பொதுவழக்காயிற்று.

ஒவ்வொரு செய்தியின் தலையிலும் கோண அடைப்புக்குள் ஓர் எண் நிற்கும். மூல எண்ணை 8ஆல் பெருக்கிக் கடுமை எண்ணைக் கூட்டினால் அது கிடைக்கும். 22 என்றிருந்தால் 8ஆல் வகுக்க ஈவு 2, மீதி 6: அஞ்சல் அமைப்பு அனுப்பிய தகவல் செய்தி. மூல எண்கள் 0 முதல் 23 வரை. 0 கெர்னலுக்கு உரியது, 16 முதல் 23 வரை பயனர் விருப்பத்துக்கு விடப்பட்டவை. கடுமையில் 0 மிக மோசம், 7 பிழைதிருத்தக் குறிப்பு.

கோப்பில் எழுதும்போது வழக்கமான வடிவம் இந்த எண்ணை விட்டுவிடுகிறது. ஆய்வோருக்கு இது பெரிய இழப்பு. செய்தி வாசகத்துடன் எஞ்சுவன நேரம், கணினிப் பெயர், நிரல் பெயர், செயல் எண் ஆகியவையே. மூலத்தை நிரல் பெயரால்தான் அறிய வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் நம்ப இயலாது: உள்நுழைவுப் பதிவுகள் டெபியனில் ஆத்.லாக் கோப்பிலும், ரெட் ஹாட்டில் செக்யூர் கோப்பிலும் சேர்கின்றன.

2001இல் ஆர்எஃப்சி 3164 என்ற இணைய ஆவணம் சிஸ்லாக் நடைமுறையை விவரித்தது. அதன் நேரக்குறியில் ஆண்டு இல்லை. 2009இல் வந்த ஆர்எஃப்சி 5424 ஆண்டையும் நேர வலயத்தையும் சேர்த்தது.