கணக்குக் கேட்டல்

1930-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். சட்டசபை உறுப்பினராகத் தாம் பெற்ற அனுபவங்கள் என்பதே அதன் தலைப்பின் பொருள். 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்து, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-இல் பதவி விலகினார். விலகிய ஆண்டிலேயே, அவையில் தாம் செய்த பணிகளை எழுதி அச்சிட்டுப் பொதுவில் வைத்தார்.

அவர் நியமன உறுப்பினர் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். சென்னை மாகாணத்தில் 1921-இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் சொத்தோ வரியோ உள்ள மிகச் சிலருக்குத்தான் அது கிடைத்தது. முத்துலட்சுமியைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய வாக்காளர் என்று யாரும் இல்லை. அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. கேட்காமலே அவர் கணக்குச் சொன்னார். இன்று நம் எல்லோரிடமும் வாக்கு இருக்கிறது. நாம் கேட்டால் என்ன கிடைக்கிறது?

ஒரு பருவத்தில் என் முதுகலை மாணவியரிடம் இதைப் பயிற்சியாகவே கொடுத்தேன். தத்தம் தொகுதியின் மக்களவை உறுப்பினர் அவையில் என்ன செய்தார் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வர வேண்டும். வருகைப் பதிவு எளிதில் கிடைத்தது. கேட்ட கேள்விகள், பேசிய பேச்சுகள், தொகுதி மேம்பாட்டு நிதியின் விவரம் எல்லாம் கொண்டுவந்தார்கள். ஒருத்தி மட்டும் தாளைக் கொடுக்காமல் நின்றாள். “எந்த மசோதாவுக்கு எப்படி ஓட்டுப் போட்டார்னு எங்கே மேம் இருக்கு?” என்று கேட்டாள்.

பெரும்பாலான மசோதாக்களுக்கு அது எங்கேயும் இல்லை. நம் நாடாளுமன்றத்தில் வழக்கமான முறை குரல் வாக்கெடுப்பு. ‘ஆம்’ என்போர் ஒருமுறை குரல் எழுப்புவார்கள், ‘இல்லை’ என்போர் ஒருமுறை. எது ஓங்கியது என்று அவைத் தலைவர் அறிவிப்பார். யார் எந்தப் பக்கம் என்ற பெயர்ப்பட்டியல் இதில் உருவாவதே இல்லை. உறுப்பினர் யாராவது எதிர்த்து, எண்ணிக்கை வாக்கெடுப்பு கோரினால்தான் பெயர்கள் பதிவாகும். கோரினாலும் நடக்கும் என்று உறுதியில்லை. 2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் எதிர்க்கட்சிகள் அப்படிக் கோரியும், வேளாண் மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பிலேயே நிறைவேறின. நாடு முழுவதும் போராட்டம் கிளப்பிய சட்டங்களுக்கு அந்த அவையில் யார் ‘ஆம்’ சொன்னார்கள் என்ற பெயர்ப்பட்டியல் கிடையாது.

இன்னொரு முடிச்சும் உண்டு. 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். ஆகவே பெயர் பதிவாகும் இடத்திலும் நாம் பார்ப்பது பெரும்பாலும் கட்சியின் முடிவைத்தான். அந்தப் பெண்ணோ ஆணோ உள்ளூர என்ன நினைத்தார் என்பது தெரியாது.

அரசியலமைப்புத் திருத்தங்களுக்கு மட்டும் எண்ணியே தீர வேண்டும். அதனால்தான் பெண்கள் இடஒதுக்கீட்டு மசோதாவின் வரலாறு நமக்குப் பாடமாகிறது. அது 1996 செப்டம்பரில் முதன்முதலாக மக்களவைக்கு வந்தது. கீதா முகர்ஜி தலைமையிலான கூட்டுக்குழு அதே ஆண்டு டிசம்பரில் அறிக்கை கொடுத்துவிட்டது. பிறகும் மசோதா நகரவில்லை. 1998-இல் அதன் தாள்கள் அவைக்குள்ளேயே பறித்துக் கிழிக்கப்பட்டன. 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் 186 பேர் ஆதரிக்க, ஒருவர் மட்டும் எதிர்க்க, நிறைவேறியது. மக்களவையில் வாக்கெடுப்புக்கே வராமல், 2014-இல் அவை கலைந்தபோது காலாவதியானது. 2023 செப்டம்பரில் புதிய மசோதா மக்களவையில் 454க்கு 2, மாநிலங்களவையில் 214க்கு 0 என்று நிறைவேறியது.

இந்த எண்களை மட்டும் வைத்து எழுதினால், இந்திய அரசியலில் பெண்களுக்கு எதிரி என்று மூன்று பேர்தான் இருந்திருக்க வேண்டும்! அப்படியானால் இருபத்தேழு ஆண்டுகள் எங்கே போயின? எதிர்த்தவர்கள் எதிர்த்து வாக்களிக்கவில்லை. வாக்கெடுப்பே வராமல் பார்த்துக்கொண்டார்கள். கூச்சலிட்டார்கள், ஒத்திவைக்கச் செய்தார்கள், ‘கருத்தொற்றுமை வேண்டும்’ என்றார்கள். இவை எதுவும் வாக்குப் பதிவில் ஏறாது. நிறைவேறிய சட்டமும், அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் அதன்பின் தொகுதி மறுவரையறைக்கும் பிறகே நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையோடுதான் வந்தது. ‘ஆம்’ என்று எண்ணப்பட்ட வாக்குக்குள்ளும் ‘இப்போது இல்லை’ ஒளிந்திருக்க முடியும். ஆகவே, வாக்களித்ததைப் போலவே வாக்கெடுப்பைத் தவிர்த்ததையும் நாம் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

மற்றப் பதிவுகளையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் அமைச்சர்கள் கையெழுத்திடுவதில்லை. அவர்களுக்கு நேராக இருக்கும் வெற்றிடத்தை ‘வரவில்லை’ என்று படித்துவிடக் கூடாது. அதிகக் கேள்வி கேட்டவர் நல்ல உறுப்பினர் என்றும் சொல்லிவிட முடியாது. பணம் வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காக 2005 டிசம்பரில் 11 உறுப்பினர்கள் ஒரே நாளில் நீக்கப்பட்டார்கள். எத்தனை கேள்வி என்பதைவிட, யாருக்காகக் கேட்ட கேள்வி என்பதே முக்கியம்.

பணத்தின் கணக்கைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவர்களில் ராஜஸ்தானின் ஏழைக் கிராமத்துப் பெண்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள். அருணா ராய் முதலியோர் 1990-இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன், 1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் பொது விசாரணையை நடத்தியது. அத்தகைய விசாரணைகளில் வருகைப் பட்டியலையும் ரசீதையும் ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதியிருந்ததும், கட்டாத கட்டடம் கட்டியதாக இருந்ததும் கேட்டவர் வாயாலேயே வெளிவந்தன. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம், நம் பெயரில் கோடிகளைச் செலவழிக்கும் அரசிடம் கேட்கக் கூடாதா என்பது அந்த இயக்கத்துப் பெண் ஒருவரின் வாதம். பால் கணக்கும் மளிகைக் கணக்கும் எழுதும் கைக்கு இதைவிட நேரான அரசியல் பாடம் கிடையாது. 1997-இலேயே தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. ஆனால் அதில் விதிவிலக்குகளின் பட்டியல் நீளமானது. பல்லுள்ள சட்டம் 2005-இல்தான் நாடு முழுமைக்கும் வந்தது.

வேட்பாளரின் சொத்து, கடன், குற்ற வழக்குகள் ஆகியவற்றை வாக்காளர் அறிய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 2002, 2003 ஆண்டுகளின் தீர்ப்புகளில் நிலைநாட்டியது. 2018-இல், வேட்பாளரும் அவருடைய துணைவரும் சார்ந்திருப்போரும் வருமானம் பெறும் வழியையும் சொல்ல வேண்டும் என்றது. இந்தப் பிரமாணப் பத்திரங்களைப் பெண்ணிய வாசிப்புக்கு உட்படுத்திப் பாருங்கள். ‘இல்லத்தரசி’ என்று எழுதப்பட்ட மனைவியின் பத்தியில் எத்தனை நிலம், எத்தனை நகை, எத்தனை நிறுவனப் பங்கு என்று பாருங்கள். சொத்து உண்மையில் அவள் கைக்குள் இருக்கிறதா, அவள் பெயருக்குள் மட்டும் இருக்கிறதா என்பதைத் தாள் சொல்லாது. ஆனால் கேள்வியைத் தாள்தான் எழுப்புகிறது.

கணக்குக் கேட்பதில் நாமே தவறக்கூடிய இடமும் ஒன்று உண்டு. ஊராட்சியில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் கணவர் உட்கார்ந்து முடிவெடுத்தால், பதிவேட்டில் அந்தப் பெண் வந்ததாகவே இருக்கும். திட்டம் தோற்றால் பழி அவளுக்கு வரும், நடந்தால் பெருமை அவருக்குப் போகும். தலைவியை மட்டும் நிறுத்திக் கேட்டால் அது பாதிக் கணக்கு. பேசியவர் யார், பேசவிடாமல் தடுத்தவர் யார் என்பதும் அதில் வர வேண்டும்.

மக்களவை உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குத் தொகுதிப் பணிகளைப் பரிந்துரைக்கலாம். அதில் 15 விழுக்காடு பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 விழுக்காடு பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும் என்பது நெறி. உங்கள் தொகுதியில் அது போனதா? ஹைமாஸ்ட் விளக்கு எத்தனை, பெண்கள் பள்ளிக் கழிப்பறை எத்தனை? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுத ஒரு தாளும் 10 ரூபாயும் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

அடுத்த தேர்தலில் ஆரத்தித் தட்டோடு நம்மை வாசலில் நிறுத்துவார்கள். அப்போது வேட்பாளரிடம் கேட்க ஒரு கேள்வி வைத்துக்கொள்ளுங்கள்: முக்கியமான மசோதாக்களில் பெயர் பதிவாகும் வாக்கெடுப்பைக் கோருவீர்களா? அவர் சொல்லும் பதிலைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். ஐந்தாண்டு கழித்து நமக்கு அது வேண்டியிருக்கும்.